பிராட் ஆர்தருக்குப் பிறகு பரமட்டா ஈல்ஸை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?

பொன்நீலம் (வென்ட்வர்த்வில்)
மே 20, 2024

அனைவருக்கும் வணக்கம். நம் ரக்பி லீக் அணியான பரமட்டா ஈல்ஸ், பிரிஸ்பேனில் மேஜிக் ரவுண்ட் (எல்லா அணிகளும் ஒரே அரங்கில் ஆடும் சுற்று) ஆட்டத்தில் மெல்பேர்ண் ஸ்டோர்மிடம் 48–16 என்று தோற்ற கையோடு, பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த பிராட் ஆர்தரைக் கழகம் விலக்கிவிட்டது. இந்தப் பருவம் முடியும்வரை ட்ரென்ட் பரட் இடைக்காலமாகப் பார்த்துக்கொள்வார். 2025 முதல் அணியை யார் கையில் கொடுப்பது என்பதை நாம் பொறுமையாகப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்குப் பெரிய பெயர் வேண்டாம். தடுப்பாட்டத்தை அரிச்சுவடியிலிருந்து கற்பிக்கக்கூடிய ஒருவர் வேண்டும். மிட்செல் மோசஸும் டிலன் பிரவுனும் உடல் நலத்தோடு ஆடும்போது நம்மால் எவருக்கு எதிராகவும் புள்ளி எடுக்க முடியும். எடுத்ததைக் காப்பதுதான் முடியவில்லை. இந்தப் பருவத்தில் நம் அரங்கின் வடக்குக் கோல் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் நான் கூறுவது விளங்கும். எதிரணி தன் நான்காவது டக்கிளில் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்துவதுதான் டக்கிள்) பந்தை ஓரத்துக்கு அனுப்புகிறது. ஓரத்திலிருந்து இரண்டாவதாக நிற்கும் நம் சென்டர் பந்து வைத்திருப்பவனை நோக்கி உள்ளே பாய்கிறார். அவருக்கு வெளியே நிற்கும் விங்கர், கூடப் பாய்வதா கோட்டோரத்தைக் காப்பதா என்று அரை அடி முன்னும் அரை அடி பின்னுமாகத் தடுமாறுகிறார். அதற்குள் பந்து இருவருக்கும் இடையால் போய், நம் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் வைக்கப்பட்டு ட்ரை ஆகிவிடுகிறது. பிறகு கோல்கம்பங்களின் கீழே கூடி நிற்கும்போது அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. வேகமோ பலமோ குறைந்ததால் விழுந்த ட்ரை அல்ல அது. பக்கத்தில் நிற்பவன் என்ன செய்வான் என்று தெரியாததால் விழுந்தது.

ஆகவே மெல்பேர்ண் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கிரேக் பெலமியின் உதவியாளராக இருக்கும் ஜேசன் ரைல்ஸைத்தான் முதலில் அழைத்துப் பேசவேண்டும் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.


ஏழாம் இலக்கம் (பெண்டில் ஹில்)
மே 20

பொன்நீலம் அண்ணா, நீங்கள் சொன்ன காட்சியை நானும் பார்த்து நொந்திருக்கிறேன். முடிவோடுதான் உடன்பட முடியவில்லை. 1986 இற்குப் பிறகு நமக்குக் கிண்ணமே கிடையாது. ஒரு தடவையாவது கிண்ணம் வென்ற கழகங்களுக்குள் இவ்வளவு நீண்ட காலம் வெறுங்கையோடு நிற்பது நாம் மட்டும்தான். முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களிடம், இதுவரை ஒரு கழகத்துக்கும் நிரந்தரத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்திராத ஒருவரைக் கொண்டுவந்து இன்னும் பொறுத்திருங்கள் என்று சொல்வது நியாயமா?

பயிற்றுவிப்பாளர் வேய்ன் பெனட் டொல்ஃபின்ஸ் அணியை விட்டு இந்தப் பருவ முடிவில் வெளியேறுகிறார். பிரிஸ்பேனோடு ஆறு, சென் ஜோர்ஜ் இலவாராவோடு ஒன்று என ஏழு கிண்ணங்கள் வென்றவர். டொல்ஃபின்ஸ் புதிதாக உருவானபோது அந்த அணியில் பெரிய நட்சத்திரங்கள் எவரும் இல்லை என்று எல்லோரும் எழுதினார்கள். 2023 இல் தங்கள் முதல் ஆட்டத்திலேயே அவர்கள் ரூஸ்டர்ஸை 28–18 என்று வென்றார்கள். இருக்கிற வீரர்களைத் தங்கள் தகுதிக்கு மேலே ஆடவைப்பது பெனட்டிடம் உள்ள வித்தை. நம் பையன்களுக்கு இப்போது தேவைப்படுவது நம்பிக்கை. பாடம் அதற்குப் பிறகுதான்.


கம்பர்லாந்து முதியவன்
மே 21

பிள்ளைகளே, நான் 1985 இல் இந்த ஊருக்கு வந்தவன். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்னை ஆட்டம் பார்க்க அழைத்துப்போனார். 1981 இல் முதல் கிண்ணம் வென்ற இரவில் ஆதரவாளர்கள் பழைய கம்பர்லாந்து ஓவலின் மரக் கொட்டகைக்குத் தீ வைத்த கதையை, தானே அங்கே நின்றவர் போல அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். 1986 இறுதியாட்டத்தில் கன்டர்பெரியை 4–2 என்று, இரு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லாமல் வென்றபோது, அவருடைய வரவேற்பறையில் நானும் இருந்தேன். நம் வீரர்கள் ரே பிரைஸும் மிக் குரோனினும் அன்றோடு ஓய்வு பெற்றார்கள்.

அந்தக் காலத்தைப் பேசும்போது எல்லோரும் பயிற்றுவிப்பாளர் ஜாக் கிப்சனைத்தான் சொல்லுவார்கள். ஈஸ்டர்ன் சபர்ப்ஸோடு 1974, 1975 இல் வென்றுவிட்டு நம்மிடம் வந்து 1981, 82, 83 என்று மூன்று கிண்ணம் அடுத்தடுத்து எடுத்துக் கொடுத்தவர்; அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்றுவிப்பாளர்களிடம் போய்ப் படித்து, ஆட்டங்களைப் படம்பிடித்து ஆராயும் வழக்கத்தை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர். பெரிய பெயர்தான். ஆனால் அவர் வந்தபோது ஸ்டெர்லிங், கென்னி, பிரைஸ், குரோனின், குரோத் எல்லோரும் இங்கே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு பெரிய பெயர்களை நம்பி நாம் பட்டது கொஞ்சமல்ல. 2001 இல் பிரயன் ஸ்மித்தின் அணி பருவம் முழுவதும் எல்லோரையும் துவைத்தெடுத்துவிட்டு, இறுதியாட்டத்தில் இடைவேளைக்கு நியூகாசிலிடம் 24–0 என்று பின்தங்கி நின்றது. அன்று நியூகாசிலின் பயிற்றுவிப்பாளர் மைக்கல் ஹேகன். நம்மைத் தோற்கடித்தவரையே 2007 இல் நாம் அழைத்து வந்தோம்; இரண்டு பருவத்தில் முடிந்தது. 2013 இல் கிண்ணம் வென்ற இன்னொருவர், ரிக்கி ஸ்டுவர்ட். பருவத்தின் நடுவே, அடுத்த ஆண்டு வேண்டாத பன்னிரண்டு வீரர்களின் பெயரை எல்லோர் முன்னிலையிலும் திரையில் காட்டினார் என்ற செய்தி வந்தது. கடைசி இடத்தில் முடித்தோம். அவர் கன்பராவுக்குப் போய்விட்டார்.

ஆகவே தம்பி ஏழாம் இலக்கம், கிண்ணம் வென்றவர் என்பதற்காக மட்டும் என்னைச் சம்மதிக்க வைக்க முடியாது. பொன்நீலம், உங்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். 2011 இல் நாம் அழைத்துவந்த ஸ்டீஃபன் கேர்ணி யாருடைய உதவியாளர்?


பின்வரிசைப் பையன் (டூங்காபி)
மே 21

அடுத்தவர் யார் என்று கேட்பதற்கு முன், போனவர் ஏன் போனார் என்பதை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆர்தர் 2014 இல் பொறுப்பேற்றபோது கழகம் அதற்கு முந்தைய இரண்டு பருவங்களும் கடைசி இடத்தில் முடித்திருந்தது. 2016 இல் சம்பள உச்சவரம்பை மீறிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு புள்ளிகளைப் பறித்து, பத்து இலட்சம் டொலர் அபராதமும் விதித்தார்கள். நிர்வாகம் செய்த தவறுக்கு வீரர்களும் அவரும்தான் வாரந்தோறும் மைதானத்தில் விலை கொடுத்தார்கள். அந்த இடிபாட்டிலிருந்து 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிச் சுற்றுக்கு அணியைக் கொண்டுவந்தவர் அவர். 2022 இல் பென்ரித்தை லீக் சுற்றில் இரண்டு தடவை வென்றோம். டவுன்ஸ்வில்லுக்குப் போய்க் கவ்போய்ஸை 24–20 என்று வென்றுவிட்டு இறுதியாட்டத்துக்கும் வந்தோம்.

அந்த இறுதியாட்டம் முடிந்தவுடன் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரீட் மஹோனி கன்டர்பெரிக்கு, ஐசாயா பப்பாலி வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு, மராட்டா நியூகோரே வோரியர்ஸுக்கு, ஒரேகன் கவுஃபூசி குரோனல்லாவுக்கு. இரு பருவங்களுக்கு இடையில் நல்ல ஹூக்கரையும் (டக்கிளுக்குப் பின் பந்தை எடுத்து அனுப்புபவர்) மூன்று முன்கள வீரர்களையும் விட்டுக்கொடுத்த அணி எதுவாக இருந்தாலும் மறு ஆண்டு பத்தாம் இடத்துக்குத்தான் போகும். மஹோனிக்குப் பதிலாக வந்த ஜோஷ் ஹொட்ஜ்சன் கழுத்துக் காயத்தால் 2023 இல் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த ஆண்டு மோசஸின் பாதத்தில் காயம். இதற்கெல்லாம் ஓரத் தடுப்புப் பயிற்சி மருந்தாகுமா?

பெனட், ரைல்ஸ், யார் வந்தாலும், எந்த வீரரை எடுப்பது, எவருடைய ஒப்பந்தத்தை நீடிப்பது என்பதில் அவருக்கு என்ன அதிகாரம் என்பதை முதலில் கழகம் தீர்மானிக்கட்டும். அது இல்லாவிட்டால் 2028 இலும் இதே கேள்வியை நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.


பொன்நீலம்
மே 21

பின்வரிசை, ஆர்தரைப் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. அவர் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. நான்கு பேர் போனது கழகத்தின் பிழை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பயிற்றுவிப்பாளரின் கீழ் பத்தாண்டுகள் இருந்த அணி, ஆண்டுக்கு ஆண்டு ஒரே இடத்தில் ட்ரை விட்டுக்கொடுத்தால், அதை ஆள் குறைவு என்று மட்டும் சொல்லமுடியாது. ஹூக்கர் இல்லாதது நம் தாக்குதலின் வேகத்தைக் குறைக்கும். எதிரணி விங்கரைத் தனியே விடவைப்பது அது அல்ல.

ஐயா கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியும், அதனால்தான் கொஞ்சம் தயங்குகிறேன். கேர்ணி பெலமியின் உதவியாளராக மெல்பேர்ணில் இருந்தவர்தான். அதற்கு முன் 2008 இல் நியூசிலாந்தை உலகக் கிண்ணம் வெல்லவும் வைத்தவர். நம்மிடம் வந்து இரண்டு பருவம் முடிவதற்குள் போய்விட்டார். இதை எப்படி விளக்குவது என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.


மெல்பேர்ண் ஊதா
மே 22

நான் ஸ்டோர்ம் ஆதரவாளன். அண்ணன் குடும்பம் வெஸ்ட்மீடில் இருப்பதால் உங்கள் துயரங்களை நத்தார் விருந்துகளில் கேட்டே வளர்ந்தவன். வெளியாள் ஒருவனின் சொல்லாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பேர்ணில் பெலமி 2003 இலிருந்து இருக்கிறார். புதிதாக வரும் வீரர்களை முதலில் ஒரு வாரம் கட்டட வேலை போன்ற உடலுழைப்புக்கு அனுப்புவது அவருடைய வழக்கம். காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவன் எப்படி வாழ்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்பது அதன் நோக்கம். தடுப்பாட்டமும் அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. ஒருவன் டக்கிள் செய்து எழும்போது அவனுக்கு இருபுறமும் நிற்பவர்கள் எங்கே நிற்கவேண்டும், மார்க்கராக (டக்கிளானவனுக்கு நேர் முன்னே) நிற்பவன் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதெல்லாம் களைத்துப்போன நிலையிலும் உடலே தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பப் பழக்கப்படும். பொன்நீலம் எழுதிய அந்த அரை அடித் தயக்கம் இங்கே நிகழ்ந்தால், அடுத்த வாரப் பயிற்சி முழுவதும் அதைச் சுற்றியே இருக்கும்.

அதே சமயம், இந்த முறை ஒருவரின் பெட்டிக்குள் அடங்கி வேறு ஊருக்கு வந்துவிடாது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறாத தலைமைப் பயிற்றுவிப்பாளர், வீரர் தேர்வில் ஒரே பார்வை, மூத்த வீரர்கள் இளையவர்களைத் தட்டிக்கேட்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. கேர்ணிக்கு அவை எதுவும் பரமட்டாவில் கிடைக்கவில்லை. பெலமியிடமிருந்து போய் வென்றவரும் உண்டு: மைக்கல் மகுவைர் 2014 இல் சவுத் சிட்னிக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். ஆகவே உதவியாளராக இருந்தவர் என்பது வாக்குறுதியும் அல்ல, சாபமும் அல்ல.

ரைல்ஸைப் பற்றி நான் கவனித்த ஒன்று உண்டு. அவர் மெல்பேர்ணில் மட்டும் இருந்தவர் அல்லர். எடி ஜோன்ஸின் கீழ் இங்கிலாந்து ரக்பி யூனியன் (ரக்பியின் மற்றொரு வகை) அணியோடு வேலை செய்தார். பிறகு ரூஸ்டர்ஸில் ட்ரென்ட் ரொபின்சனின் உதவியாளராக இருந்துவிட்டு இங்கே திரும்பினார். மூன்று வேறுபட்ட தலைமைகளைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர். கடந்த ஆண்டு சென் ஜோர்ஜ் இலவாரா தேடி வந்தபோதும் அவர் அவசரப்படவில்லை, விலகிக்கொண்டார். அது தயக்கமா நிதானமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.


ரிங்ரோஸ் ஓரம்
மே 23

நான் அதிகம் எழுதுவதில்லை, வாசித்துவிட்டுப் போவேன். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியொன்றுக்கு மேலாளராக இருக்கிறேன். மூத்த மகன் அதற்கு மேற்பட்ட தேர்வு அணிகளில் ஆடியவன். இங்கே ஒருவரும் தொடாத ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும்.

என் மகனுக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று பயிற்றுவிப்பாளர்கள். எந்தக் கழகம் என்பது வேண்டாம். முதலாமவர் ஓரத்தில் நிற்பவன் எப்போதும் வெளியே நகர்ந்து தடுக்கவேண்டும் என்றார். இரண்டாமவர், பந்து போகும் ஆளை நோக்கி நேரே பாயவேண்டும் என்றார். மூன்றாமவர் நிலைமையைப் பார்த்து முடிவெடு என்றார். ஒரு செவ்வாய் மாலை, மைதான விளக்குகளுக்குக் கீழே பனி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பயிற்சியின் நடுவே அவன் அப்படியே நின்றுவிட்டான். காரில் ஏறியபின் "அம்மா, எந்தக் காலை முதலில் எடுத்துவைக்கிறது என்று எனக்கு மறந்துபோச்சு" என்றான். பொன்நீலம் அண்ணா எழுதிய அந்த விங்கரின் அரை அடித் தடுமாற்றத்தை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மாலைதான். இருபத்து நான்கு வயதில் தடுமாறுகிறவன் பதினாலு வயதிலேயே தடுமாறக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

பென்ரித் மூன்று கிண்ணங்களைத் தொடர்ந்து எடுத்ததற்கு அவர்களின் பயிற்றுவிப்பாளர் ஐவன் கிளியரி ஒரு காரணம் என்றால், மவுண்ட் ட்ரூயிட்டிலும் சென் மேரிஸிலும் வளர்ந்த லுவாய், டோவோ போன்ற பிள்ளைகள் கீழ் அணிகளிலிருந்தே ஒன்றாக, ஒரே மொழியில் ஆடி வந்தது அதைவிடப் பெரிய காரணம். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் குறைவா? கில்ஃபர்ட், மெரிலாண்ட்ஸ், வென்ட்வர்த்வில் மைதானங்களில் சனிக்கிழமை காலை வந்து நின்று பாருங்கள்.

ஆகவே வருகிறவர் யாராக இருந்தாலும், கெல்லிவில் பயிற்சி மையத்தின் வாசலுக்குள்ளேயே இருந்துவிடாமல், பதினாறு வயதுக்குட்பட்டோர் எப்படித் தடுப்பாட வேண்டும் என்பதையும் முதல் அணிக்குரிய அதே பாடமாக ஆக்கக்கூடியவராக இருக்கவேண்டும். எழுபத்து நான்கு வயதான பெனட் ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த வேலைக்குத் தேவையான ஆண்டுகளை அவர் நமக்குத் தரமாட்டார்.


ஏழாம் இலக்கம்
மே 24

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். பெனட்டைப் பற்றி இனி நான் வாதாடுவதிலும் பயனில்லை. அவர் சவுத் சிட்னிக்கே திரும்புவார் என்றுதான் செய்திகள் எல்லாம் சொல்கின்றன.

அப்படியானால் மைக்கல் செக்காவை ஏன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை? ஆஸ்திரேலிய ரக்பி யூனியன் அணியான வொலபீஸை 2015 உலகக் கிண்ண இறுதியாட்டம்வரை கொண்டுபோனவர், அதே யூனியனில் அயர்லாந்தின் லின்ஸ்டருக்கு ஐரோப்பியக் கிண்ணமும் சிட்னியின் வராட்டாஸுக்கு சூப்பர் ரக்பிக் கிண்ணமும் எடுத்துக் கொடுத்தவர். ரக்பி லீக்குக்குப் புதியவரும் அல்லர்: 2022 இல் நடந்த உலகக் கிண்ணத்தில் லெபனானைக் காலிறுதிக்குக் கொண்டுவந்தபோது அந்த அணியின் ஹாஃப்பேக், அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர், நம் மோசஸ்தான். மோசஸை எப்படி ஆடவைப்பது என்பதை அறிந்தவர். கிரான்வில்லிலும் மெரிலாண்ட்ஸிலும் வாழும் லெபனானியக் குடும்பங்கள் எத்தனை பேர் நம் ஆதரவாளர்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.


பொன்நீலம்
மே 24

செக்காவின் ஆளுமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உலகக் கிண்ணம் என்பது ஐந்து வாரம். இது மார்ச் முதல் செப்டெம்பர்வரை இருபத்து நான்கு ஆட்டங்கள். யூனியனில் பந்து வைத்திருப்பவன் பிடிபட்டு விழுந்தவுடன் அங்கேயே பந்துக்காகப் போட்டியிடலாம்; அதை ரக் என்பார்கள். லீக்கில் டக்கிள் முடிந்ததும் தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்வாங்கி, மூச்சு வாங்குவதற்குள் மறுபடி முன்னேறவேண்டும். நம்முடைய நோய் துல்லியமாக அந்தப் பத்து மீட்டருக்குள்தான் இருக்கிறது. அதை வாராவாரம் கழக மட்டத்தில் சீர்செய்து பழகாத ஒருவர், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், முதல் பருவத்தைத் தான் கற்றுக்கொள்வதற்கே செலவிடுவார்.


பின்வரிசைப் பையன்
மே 25

பரட்டையே நிரந்தரமாக்கலாமே என்று வேலைத்தலத்தில் சிலர் சொல்கிறார்கள். வீரர்கள் அவரை விரும்புகிறார்கள், பென்ரித்தில் உதவியாளராக நல்ல பெயர் எடுத்தவர். இருந்தும் மான்லியில் மூன்று பருவத்தில் ஒரு தடவைதான் இறுதிச் சுற்று. கன்டர்பெரியில் 2021 இல் கடைசி இடம், மறு ஆண்டு மே மாதத்தில் விலகல். மூன்றாவது வாய்ப்பை நம்மிடம் பரிசோதிக்கக் கூடாது. ஆர்தரை விலக்கியது பிழை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. விலக்கியாகிவிட்டதால் முன்னேதான் பார்க்கவேண்டும்.


ரிங்ரோஸ் ஓரம்
மே 26

குரோனல்லாவின் உதவிப் பயிற்றுவிப்பாளர் ஜோஷ் ஹன்னேயை ஒருவரும் எழுதவில்லை. நோர்த் குவீன்ஸ்லாந்திலும், 2021 இல் குரோனல்லாவிலும் பருவத்தின் நடுவே பொறுப்பைத் தூக்கிச் சுமந்தவர். குரோனல்லா அந்த ஆண்டு ஒன்பதாம் இடத்தில், இறுதிச் சுற்றுக்கு ஒரு படி கீழே முடித்தது. தலைமை நாற்காலியில் உட்கார்ந்து தோல்விக்குப் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்பதை அவர் அறிவார், ரைல்ஸ் அறியமாட்டார். கம்பர்லாந்து ஐயாவின் கேர்ணிக் கேள்விக்கு எனக்குத் தோன்றும் ஒரு பதில் இதுதான்.


கம்பர்லாந்து முதியவன்
மே 26

மகளே, நல்ல பெயரைச் சொன்னீர்கள். எனக்கு ஹன்னே, ரைல்ஸ் இருவரிலும் ஆட்சேபம் இல்லை. என் கேள்வி அந்த மனிதர்களைப் பற்றியதே அல்ல. கேர்ணி வந்த 2011 இல், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் டேனியல் அன்டர்சனின் அணி ஜாரட் ஹெய்னின் தோளில் ஏறி இறுதியாட்டம்வரை போயிருந்தது. அந்த அன்டர்சனை அடுத்த ஆண்டே அனுப்பிவிட்டோம். ஹேகன், அன்டர்சன், கேர்ணி, ஸ்டுவர்ட் என்று ஏழு பருவத்துக்குள் நான்கு பேர். ஒவ்வொருவரும் வந்து முந்தியவர் கட்டிய சுவரை இடித்தார்கள். ஒருவருக்கும் கூரை போடும்வரை நேரம் கொடுக்கவில்லை. ஆர்தருக்கு மட்டும்தான் கொடுத்தோம், அவரும் நம்மை இறுதியாட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆகவே நான் கழகத்திடம் கேட்பது யாரை எடுக்கிறீர்கள் என்று அல்ல. முதல் பருவத்தில் அவர் பதினைந்தாம் இடத்தில் முடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு இப்போதே விடை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஆளைத் தேடுங்கள்.


மெல்பேர்ண் ஊதா
மே 27

ஐயாவின் கேள்விதான் சரியான கேள்வி. ரைல்ஸை பெலமியின் வாரிசு என்றே இங்கே பலர் பேசினார்கள். அப்படிப்பட்டவர் பரமட்டாவுக்கு வர ஒப்புக்கொள்வதானால், குறுகிய ஒப்பந்தத்துக்கு வரமாட்டார். நீண்ட காலம் கேட்பார், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கேட்பார். பின்வரிசை முதலிலேயே சொன்ன அதிகாரம் அதுதான். அவர் அவற்றைக் கேட்டால் அதைக் கர்வம் என்று எண்ணாதீர்கள்.


ஏழாம் இலக்கம்
ஜூலை 2024

செய்தி வந்துவிட்டது. ஜேசன் ரைல்ஸ், நான்கு ஆண்டு ஒப்பந்தம், 2025 முதல். பெனட் சவுத் சிட்னிக்கே போய்விட்டார், செக்கா இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போகிறார். நான் கேட்ட இருவரும் கிடைக்கவில்லை. ஆனாலும் நான்கு ஆண்டு என்பதைப் பார்த்தவுடன் கம்பர்லாந்து ஐயாவின் நினைவுதான் வந்தது. ஐயா, என்ன சொல்கிறீர்கள்?


பொன்நீலம்
ஜூலை 2024

எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். மே மாதத்தில் நான் இந்தப் பேச்சைத் தொடங்கியபோது, ஒரு நல்ல ஆசிரியர் வந்தால் ஓரத் தடுப்புச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ரிங்ரோஸ் அக்காவின் மகன் காரில் சொன்ன வார்த்தையை வாசித்தபின் அது ஒரு பருவத்து வேலை அல்ல என்று விளங்கிக்கொண்டேன். நவம்பரில் பயிற்சி தொடங்கும்போது சென்டரும் விங்கரும் யார் யார் என்பதைத் தீர்மானித்து, அதே இருவரை மார்ச்வரை பிரிக்காமல் பழக்கினால், அதுவே எனக்கு முதல் நற்குறி.


பின்வரிசைப் பையன்
ஜூலை 2024

எனக்கு நற்குறி வேறு. மஹோனி போன இடத்தில் பல ஆண்டுகளுக்கு நிற்கக்கூடிய ஒரு ஹூக்கரை ரைல்ஸ் தானே தேர்ந்தெடுத்து, அவர் தேர்ந்தெடுத்தவரைக் கழகம் எடுத்துத் தரட்டும். அன்று நம்புகிறேன்.


கம்பர்லாந்து முதியவன்
ஜூலை 2024

தம்பி, நான் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. நான்கு ஆண்டு என்று எழுதிக் கொடுப்பது எளிது. ஸ்டுவர்ட்டுக்கும் மூன்று ஆண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஒன்றில் முடிந்தது. முதல் பருவத்தில் தொடர்ந்து ஐந்தாறு ஆட்டம் தோற்கும் வாரம் ஒன்று வரும். அந்த வாரம் கழகத் தலைவர் என்ன பேசுகிறார் என்று கேட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அதுவரைக்கும் ரைல்ஸ் நம் ஆள்; அரங்கில் அவரை நோக்கி எவராவது கூச்சலிட்டால், பக்கத்து இருக்கையில் இருக்கும் நான் சும்மா இருக்கமாட்டேன்.


ரிங்ரோஸ் ஓரம்
ஜூலை 2024

ஐயா, நீங்கள் எந்த வரிசை? அடுத்த பருவம் மகனையும் அழைத்துக்கொண்டு அங்கேயே வந்து உட்காருகிறோம். அவன் இப்போது வெளியே நகர்ந்து தடுப்பதையே பழகிக்கொண்டிருக்கிறான். ரைல்ஸ் முதல் அணிக்கு எதைக் கற்பிக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டுமாம்.